சுண்ணாம்பு எங்கடா பேராண்டி?

வாடா பேராண்டி. கிண்டியில படிச்சுட்டுப் பெட்டிக்குள்ள டிரோன் பருந்தோட வந்திருக்கே. நல்லாருக்கு. சர்வேயருக்குச் சங்கிலி பிடிச்சே முதுகு வளைஞ்சவன் நான். 66 அடி, 100 கண்ணி. தேயத் தேய நீளும். பிடிக்கிறவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தா இன்னும் கொஞ்சம் நீளும்.

கருவி மேலே ஏறுறது தஞ்சாவூருக்குப் புதுசா? 1808-லேயே சர்வேயர் லாம்டன் துரை அரை டன் தியோடலைட்டைப் பெரிய கோயில் கோபுரத்துல ஏத்தினார். கயிறு அறுந்து, சுவத்துல மோதி நசுங்கிப் போச்சு. மனுஷன் தட்டித் தட்டி நேராக்கிட்டு அளக்கக் கிளம்பிட்டார். உன் டிரோன் தென்னை மட்டையில மாட்டினா கம்பெனிக்கு மெயில் போடுவே.

டிரோனால நிலம் அளக்கச் சட்டத்தை மாத்தணுமா, மாத்துங்க. நம்ம சர்வே சட்டம் 1923-ல எழுதினது, எனக்கே மூத்தது. வரைபடம் போட முன் அனுமதி வேண்டாம்னு டெல்லியே 2021-ல சொல்லிடுச்சு. ஸ்வமித்வா திட்டத்துல 2020-லேருந்து பல மாநிலத்துல டிரோன்தான் ஊர்வீடுகளை அளக்குது. ஆனா அது கிளம்புறதுக்கு முன்னாடி எல்லையில சுண்ணாம்புக் கோடு போட்டாகணும். லட்ச ரூபா இயந்திரம் ஒரு கைப்பிடிச் சுண்ணாம்புக்குக் காத்துக் கிடக்கு!

ஏன்னு கேளு. கிழக்கு வயல் வரப்புல அந்தக் காலத்துல மாடு நடக்கும். பக்கத்து வயல்காரன் வருஷத்துக்கு ஒரு மண்வெட்டி சீவினான். (நான் சும்மா இருந்தேன்னு சொல்லலை.) இப்ப காக்கா உட்கார்ந்தாலே வழுக்குது. உன் பருந்து 5 சென்டிமீட்டர் பிசகாம எடுக்கும், சீவின வரப்பை! வீட்டுக்கு மேலே பறந்தா கூரைதான் தெரியும். இறவாரத்துக்குக் கீழே சுவர் எங்கேன்னு அதுக்கென்ன தெரியும்? எல்லைக்கல்லையாவது காட்டுமா? அப்பாயி துணி துவைக்கிற கல்லைப் புரட்டிப் பாரு, சர்வே அம்புக்குறி இருக்கும்.

விதி எழுதுறவங்களைப் பார்த்தா சொல்லு: சங்கிலியைப் பரண்ல போடட்டும். நிலத்துக்காரனுக்கு நோட்டீஸ் கொடு, அளவு ஒப்பலைன்னா அப்பீல், மூணு வருஷத்துக்குள்ள கோர்ட்டுன்னு அந்தப் பழைய சட்டத்துல இருக்கே, அந்தப் பக்கத்தை மட்டும் கிழிச்சுடாதீங்க.

நாளைக்குக் காலையில பறக்கவிடு. சுண்ணாம்போட நான் வர்றேன். பக்கத்து வயல்காரனுக்கும் ஆள் அனுப்பு. அவனைக் கூப்பிடாம பறக்கவிட்டுடாதே. உண்டிவில்லுல அவன் குறி இன்னும் தப்புறதில்லை.