அடுப்புக்கு எந்த மூலை?

கே: புது வீட்டுக் குசினியில் விறகடுப்பை எந்த மூலையில் வைக்கலாம்? (வாசகி, நெல்லியடி)

ப: மாமி காட்டுகிற மூலையில்! அது அனேகமாக அக்கினி மூலை, அதாவது தென்கிழக்காக இருக்கும். வாஸ்துவை நம்பாவிட்டாலும் காற்றை நம்புங்கள். சோழகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும், வாடை வடகிழக்கிலிருந்து. தென்கிழக்கு மூலைப் புகையை இரண்டும் வீட்டுக்குள் தள்ளாது.

கே: 'கூரைக்குமேல் புகைக்கூடு ஒரு சாண் நீண்டால் போதும்' என்கிறாரே மேசன்? (வாசகர், கரவெட்டி)

ப: சமைக்கப்போவது மேசனா? குழாய் கூரையை விட்டு வெளிவரும் இடத்திலிருந்து 3 அடியாவது வேண்டும். 10 அடிச் சுற்றுக்குள் முகடோ மதிலோ இருந்தால் அதைவிட 2 அடி உயரவேண்டும். குறைந்தால், போன புகை விருந்தாளிபோலத் திரும்பி வரும்.

கே: குழாயை வளைத்து யன்னல் வழியே விட்டால் செலவு மிச்சம்தானே? (வாசகர், வதிரி)

ப: செலவு மிச்சம், கரியும் மிச்சம்! ஒவ்வொரு வளைவிலும் புகை, நெல்லியடிச் சந்தியில் பருத்தித்துறை பஸ் நிற்பதுபோல நின்று, கரியை இறக்கிவிட்டுத்தான் போகும். நேரே மேலே விடுங்கள்.

கே: காஸ் இருக்க விறகடுப்பு எதற்கு? (வாசகி, பருத்தித்துறை)

ப: 2022 இல் வெறும் சிலிண்டரோடு வரிசையில் நின்ற கால்வலி அதற்குள் போய்விட்டதா? அன்று சோறு பொங்கியது பனம்மட்டையிலும் கொக்கரையிலும்தான்.

ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம்: வருடத்துக்கு ஒருமுறையாவது குழாயின் கரியைத் தட்டுங்கள். படிந்த கரியும் தீப்பிடிக்கும்.