மைக்கு கிட்டினால் படம் ரெடி

நாகர்கோவில் வடசேரியில் படம் எடுத்து முடித்தவர்கள் அதிகம் பேசுவதில்லை. அவர்களுக்குக் கடன் இருக்கிறது. எடுக்கப்போகிறவர்கள்தான் பேசுவார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கிறிஸ்டோபர் பேருந்து நிலையத்தை ஒட்டிய டீக்கடைகளில் ஏதாவது ஒன்றில் அப்படி ஒருவர் கட்டாயம் நிற்பார். தோளில் கறுப்புப் பை, கழுத்தில் ஹெட்போன். ஹெட்போனின் வயர் எதிலும் சொருகியிருக்காது. பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. வீட்டில் அம்மை உட்பட எல்லோருக்கும் அவர் 'டைரக்டர்'தான். அம்மை சொல்லும்போது மட்டும் அதில் கொஞ்சம் வசவு கலந்திருக்கும்.

கதை தயார். நடிகர்கள் தயார். கேமராவுக்குச் செல்போன் இருக்கிறது. மைக்குதான் பாக்கி.

"ஓய் டைரக்டரே, படம் எப்பம்?"

"மைக்கு ஒண்ணு செட்டாகல்ல, அண்ணாச்சி. அது கிட்டிச்சின்னா ரெண்டே நாளு சோலி."

"போன பொங்கலுக்கும் இதத்தானவே சொன்னீரு?"

"அப்பம் சொன்னது வேற மைக்கு."

ஆறாம் வகுப்புப் பையனாக நடிக்கத் தேர்வான பக்கத்து வீட்டுச் சிறுவன் இப்போது இந்துக் கல்லூரியில் பி.காம். படிக்கிறான். தாடி வேறு வைத்திருக்கிறான். அவனையே அப்பா வேடத்துக்கு மாற்றிவிட்டு, பையன் வேடத்துக்குப் புது ஆள் பார்க்கலாமா என்று டைரக்டர் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

இந்த இனம் எப்போது தோன்றியது என்பதைச் சொல்லிவிடலாம். 2009-ல் கலைஞர் தொலைக்காட்சியில் 'நாளைய இயக்குநர்' குறும்படப் போட்டி தொடங்கியது. கார்த்திக் சுப்புராஜும் நலன் குமாரசாமியும் அந்த வாசல் வழியாகத்தான் சினிமாவுக்குள் போனார்கள். அதைப் பார்த்து, வேலை தேடிக்கொண்டிருந்த பலபேர் கதை தேடத் தொடங்கினார்கள். கதை கிடைத்தவர்கள் கேமரா தேடினார்கள். செல்போனிலேயே நல்ல கேமரா வந்து சேர்ந்த பிறகு, படம் எடுக்காமல் இருப்பதற்கு மரியாதையான காரணம் ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதுதான் மைக்.

"பேசாம டப்பிங் பண்ணிரலாமே" என்று யாராவது சொன்னால் டைரக்டரின் முகம் மாறும். லைவ் சவுண்டுதான், வேறு பேச்சே கிடையாது. 2001-ல் வந்த 'லகான்' படப்பிடிப்புத் தளத்திலேயே ஒலிப்பதிவான படம் என்பார். 2009-ல் ரசூல் பூக்குட்டி ஒலிக்காக வாங்கிய ஆஸ்காரையும் சொந்தக் கணக்கில் எழுதிக்கொள்வார். "கொல்லத்துக்காரராக்கும். 1956 வரைக்கும் அவியளும் நாமளும் ஒரே மாநிலம்லா?" பக்கத்து ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கே.யையும் விட்டுவைக்க மாட்டார். என்.எஸ்.கே. நடித்த 'சதி லீலாவதி' 1936-ல் வந்தது. அந்தக் காலத்து நடிகர்கள் தளத்திலேயே பேசினார்கள், தளத்திலேயே பாடினார்கள், மைக் தலைக்கு மேலே தொங்கியது என்று கைவீசி விளக்குவார். தம்மை அறியாமல் ஓர் உண்மையைத் தொட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார். தலைக்கு மேலே தொங்கியது என்பதுதான் சங்கதியே. ஆனால் தொங்கவிடுவதில் ஆராய்ச்சிக்கு இடமில்லை, வாங்குவதில்தான் இருக்கிறது.

ஆராய்ச்சி எப்போதும் கீழிருந்து தொடங்கும். ரெண்டாயிரம் சொச்சத்துக்குச் சீனாவின் போயா எம்எம்-1. கேமராவிலும் சொருகலாம், செல்போனிலும் சொருகலாம். கூடக் கொஞ்சம் போட்டால் ஆஸ்திரேலியாவின் ரோட் வீடியோமைக்ரோ. இன்னும் கொஞ்சம் போட்டால் வீடியோமைக் கோ. இவ்வளவு போட்டவன் இன்னும் கொஞ்சம் போடக் கூடாதா? ஜப்பானின் ஆடியோ டெக்னிகா ஏடி875ஆர், ஏழு அங்குலக் குழல். ஆனால் அதற்குக் கேபிள் வழியே வரும் ஃபேன்டம் பவர் வேண்டும், செல்போன் அதைத் தராது. அப்படியானால் ரோட் என்டிஜி-2. ஒற்றைப் பென்டார்ச் பேட்டரியிலும் ஓடும். "அதுக்குக் குடுக்க காசோட கொஞ்சம் பொறுத்தோம்னா..." என்று அவர் இழுத்தால் பேச்சு ஜெர்மனியில்தான் போய் நிற்கும். சென்ஹைசர் எம்கேஎச் 416. சாணுக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம், 165 கிராம் எடை. 1970-களிலிருந்து சினிமாக்காரர்கள் கையில் இருக்கும் மைக். ஈரக்காற்றுக்கு அசராது, கடற்கரை ஜில்லாவுக்கு அதுதான் லாயக்கு. விலை லட்சத்தை எட்டிப் பார்க்கும். இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு, ஒரு மிடறு டீ. "லட்ச ரூவாய மைக்குல போட்டா படத்த எத வச்சு எடுக்க?" மறுநாள் சாயங்காலம் மறுபடியும் போயாவில் தொடங்குவார்.

எந்த மைக்கும் தனியாக வருவதில்லை; மாப்பிள்ளை வீட்டாரைப்போல் பரிவாரத்தோடுதான் வந்து இறங்கும். ரிக்கார்டர், எக்ஸ்எல்ஆர் கேபிள், பூம் கம்பு, கை அதிர்வு ஏறாமல் தாங்கும் ரப்பர் பிடி, காற்றுக்கு ரோமக் குல்லா என்று ஒவ்வொருவராக உள்ளே வருவார்கள். கடைசியில் மாப்பிள்ளைக்கு ஆனதைவிட உபசாரத்துக்கு ஆனது அதிகம் என்று தெரியும்.

ஒருமுறை இரவலாக ஒரு குழல் மைக் கிடைத்தது. இதை அவர் சொல்ல மாட்டார், நடித்தவர்கள் சொல்வார்கள். கனகமூலம் சந்தையின் ஓரத்தில் ஒரு காதல் காட்சி. மைக்கைக் கேமராவின் தலையில் சொருகிக்கொண்டு எட்டடி தள்ளி நின்றார். நாயகி மெல்லிய குரலில் மனம் திறந்தாள். பதிவைப் போட்டுக் கேட்டால், "மார்த்தாண்டம், களியக்காவிளை, திருவனந்தபுரம்" என்று ஒரு கண்டக்டர் மனம் திறக்கிறார். மரச்சீனிக்கும் மட்டிப்பழத்துக்கும் பேரம் நடக்கிறது. நாயகி வாயை மட்டும் அசைக்கிறாள்.

மைக்கின்மேல் குற்றமில்லை. அந்தக் குழலின் பக்கவாட்டில் வரிசையாகக் கீறல்கள் இருக்கும். முன்னாலிருந்து வரும் ஒலி நேராக உள்ளே போகும். பக்கத்திலிருந்து வருவது ஒவ்வொரு கீறல் வழியாகவும் வேறுவேறு நேரத்தில் நுழைந்து, தனக்குள்ளேயே அடித்துக்கொண்டு அடங்கும். வித்தை அவ்வளவுதான். தூரத்துக் குரலை இழுத்துக்கொண்டுவந்து பக்கத்தில் வைக்க அதற்குத் தெரியாது. அடக்குவதும் கூர்மையான ஒலிகளைத்தான். பஸ் இஞ்சினின் அடித்தொண்டை உறுமலுக்குச் சாண் குழல் ஒரு பொருட்டே இல்லை. தூரம் இரட்டித்தால் குரல் 6 டெசிபல் இறங்கும். இரண்டடியில் பிடிக்க வேண்டியதை எட்டடியில் பிடித்தால் 12 டெசிபல் போச்சு. சந்தை இரைச்சல் ஒரு டெசிபலும் இறங்காது. போதாக்குறைக்குக் கண்டக்டர் நின்றது நாயகிக்கு நேர் பின்னால். குழலின் கணக்கில் அவரும் ஒரு கதாபாத்திரம்தான்.

சந்தை வேண்டாம் என்று வீட்டுக்குள் எடுத்தார். வெறுஞ்சுவரும் மொசைக் தரையும் சேர்ந்து வசனத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லின. சின்ன அறைக்குள் இந்தக் குழலுக்கு மவுசு குறைவு. சுவரில் பட்டுத் திரும்புவதும் அதே குரல்தான், அது எல்லாத் திசையிலிருந்தும் வந்தால் கீறல்கள் எதை அடக்கும்? தரையில் ஜமுக்காளம் விரித்து, சுவரோரம் மெத்தையை நிறுத்தினால் பாதி தீர்ந்துவிடும். அம்மையிடம் கேட்டார்.

"மெத்த மனுசன் படுக்கதுக்குலே. செவரு படுக்கவா போவுது?"

பிறகு ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக்குப் போனார். அந்தக் கணவாய்க் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். இவர் அதை ஒரு துண்டு ஸ்பாஞ்சால் மறித்துவிடலாம் என்று நம்பினார். ஸ்பாஞ்ச் உறை வீட்டுக்குள் ஃபேன் காற்றுக்குத் தாங்கும். வெட்டவெளிக்கு ரோமக் குல்லா இல்லாமல் ஆகாது. அன்றைய பதிவில் வசனம் இல்லை, காற்று மட்டும் தன் பங்கைக் குறைவில்லாமல் நடித்திருந்தது.

சரி, தலைக்கு மேலே தொங்கவிட்டால் என்ன? அதற்கு ஆள் வேண்டும். இரண்டு கையையும் தூக்கிக் கம்பைப் பிடித்து, ஃபிரேமுக்குள் நிழல்கூட விழாமல், பேசுகிறவர் வாய்க்கு இரண்டடியில் மைக்கை நிறுத்தி, அடுத்தவர் பேசும்போது அந்தப் பக்கம் திருப்பி, மணிக்கணக்காக நிற்க வேண்டும். சம்பளம் ஒரு டீ, ஒரு வடை. வடசேரியில் நடிக்கக் கூப்பிட்டால் தெருவே வரும். வசனம் திருத்தக் கூப்பிட்டால் பக்கத்துத் தெருவும் வரும். கம்பு பிடிக்க வா என்றால் ஒருவருக்குக் கல்யாண வீடு, ஒருவருக்குத் தோளில் வாயு. டைரக்டரின் மச்சினன் ஒருநாள் பிடித்தான். அதன்பிறகு அவன் அக்கா வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டான்.

ஆராய்ச்சி முடியாமல் இருப்பதில் டைரக்டருக்கு ஒரு சௌகரியமும் உண்டு. மைக் வாங்கினால் படம் எடுத்தாக வேண்டும். எடுத்தால் ஊர் பார்க்கும். பார்த்தால் அபிப்பிராயம் சொல்லும். நாஞ்சில் நாட்டு அபிப்பிராயத்துக்கு எந்தக் குல்லாவும் தாங்காது.

மெய்யாகவே எடுக்க நினைக்கிறவருக்குச் செலவு அதிகமில்லை. போயா பிஒய்-எம்1 காலர் மைக் மலிவு. வயர் ஆறு மீட்டர். சட்டைக்குள் மறைத்து, நடிகரின் பையிலிருக்கும் இன்னொரு செல்போனில் பதியலாம். காட்சி தொடங்கும்போது ஒரு கைத்தட்டு போதும், படத்தையும் ஒலியையும் பிறகு பொருத்திக்கொள்ளலாம். கொஞ்சம் காசு இருந்தால் சின்னக் குழல் மைக் ஒன்று, நீள வயர் ஒன்று, வீட்டு ஒட்டடைக் கம்பு. இரண்டடியில் நிற்கும் மலிவு மைக், எட்டடியில் நிற்கும் 416-ஐத் தோற்கடித்துவிடும்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். எந்த மைக் வாங்கலாம் என்று இப்படி ஒருவர் உங்களிடம் கேட்டால், தயவுசெய்து மாடல் பெயர் எதையும் சொல்லிவிடாதீர்கள். படம் இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போகும். "இருக்கத எடுத்துட்டு வாரும், ஞாயித்துக்கெழம கம்ப நான் பிடிக்கேன்" என்று மட்டும் சொல்லுங்கள்.