ஷாவுக்கு மூன்று வாரம்

ஒரு வாசகர், வெள்ளிமலை.

கே: இரண்டாம் உலகப் போரில் ஈரான் நடுநிலை நாடுதானே? பிரிட்டிஷ் படை அங்கே ஏன் நுழைந்தது?

ப: நடுநிலை சரிதான் ஐயா, அபாதானில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையை வைத்துக்கொண்டு நடுநிலை பேசினால் எடுபடுமா? போதாக்குறைக்கு ரஷ்யாவுக்குத் தளவாடம் அனுப்ப ரயில் பாதையும் வேண்டியிருந்தது. வெளியே சொன்ன காரணம், ‘அங்கே ஜெர்மானியர்கள் இருக்கிறார்கள்’ என்பது. 1941 ஆகஸ்ட் 25 விடியுமுன்னே பிரிட்டிஷ் தூதர் ரீடர் புல்லார்ட், சோவியத் தூதரோடு போய்ப் பிரதமர் அலி மன்சூர் வீட்டுக் கதவைத் தட்டிக் கடிதம் கொடுத்தார். படைகள் கடிதத்துக்குப் பதில் வரும்வரை காத்திருக்கவில்லை. தெற்கே இறங்கியவர்களில் பெரும்பாலோர் நம் இந்தியச் சிப்பாய்கள். நாமே அடிமை, இதில் இன்னொரு நாட்டைப் பிடிக்கப் போனோம்!

செப்டம்பர் 16-ல் ஈரான் மன்னர் ரெஸா ஷா முடி துறந்தார். உங்கள் கல்வராயன் மலையில் ஜாகீர்தார்கள் 1976 வரை தாக்குப்பிடித்தார்கள். ஷாவுக்கு மூன்றே வாரம். அவர் ஏறிய கப்பல் பம்பாய் வரை வந்தும் கரையிறங்க விடாமல் பிரிட்டிஷார் மொரீஷியஸுக்கு அனுப்பினார்கள். 1942 ஜனவரியில் ஈரானோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அதில் எழுதியிருக்கிறது: இந்தப் படைகள் இருப்பது ஆக்கிரமிப்பு ஆகாதாம்.