ஏழு மட்டை போதும், மச்சான்

கோல்ஃப் பையில் 14 மட்டைக்கு மேல் கூடாது என்று 1938-ல் அமெரிக்கச் சங்கம் விதி போட்டது. நம் சம்பளம் அதை 7 ஆகத் திருத்திவிட்டது. ஈப்போவில் பழைய மட்டை தேடுகிறவர்கள் தூரம் அடிக்கும் டிரைவர் மட்டையைக் கண்டதும் பல்லிளிக்கிறார்கள். அதைச் சுற்றுக்கு 14 தடவை வீசினால் அதிகம். பார் 72 மைதானத்தில் பந்தைக் குழிக்குள் உருட்டும் புட்டருக்கென்றே 36 அடி கணக்கு. அந்த அப்பாவியை யாரும் சீண்டுவதில்லை.

தண்டு வளைந்திருக்கிறதா, தலை ஆடுகிறதா, அதைப் பாருங்கள். பிடி வெடித்திருந்தால் நல்லது, விலை இறங்கும். "ரப்பர்தானே மச்சான், மாத்திக்கலாம்" என்றான் சுங்கை சிப்புட் நண்பன். அவன் தாத்தா துரைமார் தோட்டத்தில் விடியுமுன் நிரை பிடித்துப் பால்மரம் வெட்டியவர். பேரன் ஒரு சாண் ரப்பருக்குப் பேரம்கூடப் பேசாமல் வெள்ளியை எண்ணிக் கொடுக்கிறான்.