எங்களுக்கு இந்த வருஷம் பண்டிகை இல்லை

தீபாவளியன்று சந்தோஷமாக இருந்தே தீரவேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. சட்டதிட்டமெல்லாம் பட்டாசுக்குத்தான், தமிழ்நாட்டில் 2018 முதல் காலை 6 மணியிலிருந்து 7, இரவு 7 மணியிலிருந்து 8. சோகத்துக்கு நேரக் கட்டுப்பாடு கிடையாது. ஆனாலும் ஊர் விடாது. விடிவதற்கு முன்பே போன் வரும்: "கங்கா ஸ்நானம் ஆச்சா?" ஆகவில்லை என்று சொல்லும் துணிச்சல் யாருக்கு உண்டு?

அவஸ்தை முன்னாலேயே தொடங்கிவிடும். ரயில் முன்பதிவு 60 நாள் முன்பு காலை 8 மணிக்குத் திறக்கும். பல் தேய்த்துவிட்டு வந்தவன் வெயிட்டிங் லிஸ்டில் கிடப்பான். போனஸ் கைக்கு வருமுன்பே கடன்காரர்களுக்குள் பங்கு பிரிந்திருக்கும். வீட்டில் தலைதீபாவளி வேறு என்றால் பவுன் விலை கேட்டே ரத்த அழுத்தம் ஏறும்.

அப்பா தவறிய வருஷம் இத்தனையும் ஒரே வார்த்தையில் நின்றது. "எங்களுக்கு இந்த வருஷம் பண்டிகை இல்லை." ஜவுளிக்கடைக்கு இழுத்த மைத்துனர் கையை விட்டார். சீட்டுக்காரர்கூட, "மெதுவா வரேன் சார்" என்றார். வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்பியவர்கள் பதறிப்போய் அழித்தார்கள். அதற்குள் பார்த்துவிட்டேன், குத்துவிளக்கு நன்றாகவே இருந்தது.

எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. ஆகவே தெருவே பலகாரத்தோடு வந்தது. எதிர்வீட்டு முறுக்கு, பக்கத்து வீட்டு முறுக்கு, பின்வீட்டு முறுக்கு. எவர்சில்வர் டப்பாவை வெறுமனே திருப்பக்கூடாதாம். அம்மா ஒவ்வொன்றிலும் ஒரு கை சர்க்கரை போட்டார். வந்தவர்கள் உட்கார்ந்து அப்பாவைப் பற்றிப் பேசினார்கள். முந்தின தீபாவளிக்கு அவர் கிண்டிய லேகியத்தை மாடிவீட்டு மாமி நினைவுபடுத்தினார். சுக்கு, திப்பிலி, ஓமம் எதற்கும் அளவில்லை. ஒரு உருண்டை தின்ற மாமா மத்தியானம் வரை வாய் திறக்கவில்லையாம். "எனக்கு அதுதான் நிஜமான தீபாவளி" என்றார் மாமி. அம்மா சிரித்தார், சிரிப்பு அழுகையாக மாறியபோது யாரும் தடுக்கவில்லை.

இப்படி ஒரு வருஷம் பண்டிகையை விடுவதற்குத் தீட்டு, சாஸ்திரம் என்று காரணம் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. ஆனால் துக்கப்பட்டவரை முகத்தைச் சிரித்தாற்போல் வைத்துக்கொள்ளச் சொல்லாமல் ஒரு வருஷம் லீவு கொடுத்தவர்கள் மனசு தெரிந்தவர்கள். வேலை போனவருக்கும், பிள்ளை வராத பெற்றோருக்கும் அந்த லீவு இல்லாததுதான் குறை.

உங்கள் தெருவில் அப்படி வீடு இருந்தால் டப்பாவோடு போங்கள், கொஞ்சம் உட்காருங்கள். முறுக்கு மட்டும் வேண்டாம். அதை எல்லாரும் கொடுத்திருப்பார்கள்.