துகிலுரிதல் ரசிகர்

அனந்தபுரம், செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்தில் திரௌபதி அம்மன் திருவிழா நடக்கும் ஊர்களில் இவரைத் தேடி அலைய வேண்டாம். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து என்று இரண்டு ஷிப்டு பார்ப்பவர். மத்தளம் சுதி கூட்டும்போதே பாயும் வெற்றிலைப் பொட்டலமுமாக முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். துகிலுரிதல் அன்று துச்சாதனன் கூந்தலில் கை வைத்தால் இவர் துண்டு நனையும். தன்னையே தோற்றுவிட்டவருக்கு என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை என்று திரௌபதி சபையைக் கேட்கும்போது, 'அப்படிக் கேளு தாயி!' என்று குரல் கொடுத்து, ஐம்பது ரூபாய் அன்பளிப்பும் கொடுத்து, கட்டியங்காரன் வாயால் தன் பெயரைச் சொல்ல வைப்பார். விடிந்து வீட்டுக்கு வந்தால், பின்வரிசையிலிருந்து அதே கூத்தைப் பார்த்த மனைவி அடுப்பைப் பற்றவைத்தபடி கேட்பார்: 'ஏங்க, அஞ்சு ஆம்பளைங்களும் அங்கதான குந்தினு இருந்தாங்க, ஒருத்தருக்குமா வாய் வரல?' 'அதெல்லாம் தர்ம சூட்சுமம். உனக்கு இன்னா தெரியும், டீயைப் போடு' என்பார் ரசிகர். பாரதத்தில் அதே திரௌபதிக்குப் பீஷ்மர் சொன்ன பதிலும் இதுதான். அவர் டீ கேட்கவில்லை.

கூத்தில் பெண்ணுக்கு ஏன் இடமில்லை என்று கேட்டால், பெண்ணைத் தெய்வமாகவே வைத்திருக்கிறோம், இதற்கு மேல் என்ன மரியாதை என்பது ரசிகரின் முதல் வாதம். மறுக்க முடியாது, செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரிதான் திரௌபதி வழிபாட்டுக்கே மூல ஊர் என்று சொல்லப்படுகிறது. ஆனால் தெய்வத்தின் பேச்சை எழுதியவர், சொல்லிக்கொடுத்த வாத்தியார், வேஷம் கட்டுபவர், எந்தக் கூத்து ஜமாவுக்குப் பாக்கு வைப்பது என்று முடிவு செய்பவர் எல்லாருமே வழிவழியாக ஆண்கள். பெண்வேஷம் கட்டும் ஆணின் கலை சாதாரணமானதல்ல, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கூத்தைப் பற்றிப் பெண்ணுக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கலாம் என்பதுதான் யாருக்கும் தோன்றுவதில்லை. அடுப்படியில் கேட்ட அந்தக் கேள்வி முதல்தரமான விமரிசனம். அத்தனை பேரின் கண்ணும் புடவை மேல் இருக்க, அந்த அம்மாள் மட்டும் புருஷன்மார் முகத்தைப் பார்த்திருக்கிறார். ரசிகர் வருஷா வருஷம் பார்த்தும் அந்தப் பக்கம் திரும்பியதில்லை.

அடுத்த வாதம் உடம்பைப் பற்றியது: கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டி விடியவிடிய ஆடப் பெண்ணால் முடியுமா? பகலெல்லாம் நாற்று நட்டு, ராத்திரி முழுக்க விழித்துக் கூத்துப் பார்த்து, காலையில் இவருக்கு டீயும் போடுகிறவரிடம் இதைக் கேட்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் 2002-இல் தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலத்தில் பெண்பிள்ளைகளும் பயின்று வேஷம் கட்டி ஆடினார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே, 1935-இல், கே.பி. சுந்தராம்பாள் சினிமாவில் நந்தனாராகவே நடித்தார். லட்ச ரூபாய் சம்பளம் என்பது அன்று ஊரெல்லாம் பேச்சு. ரசிகருக்கு இதெல்லாம் தெரியும், சுந்தராம்பாள் பாட்டென்றால் உயிர். எடுத்துச் சொன்னால், 'அவங்க வேற' என்பார். கடைசியாக ஒரு பிடி வைத்திருக்கிறார்: வீட்டுப் பெண்களே இதையெல்லாம் கேட்கவில்லையே? கூத்துக்கு ஏற்பாடு பேசும் கூட்டம் ராத்திரி சாப்பாட்டு வேளையில் கோயில் வாசலில் கூடுகிறது; கூடியிருப்பவர்களுக்குச் சுக்குக் காப்பி வீட்டு அடுப்படியிலிருந்துதான் வருகிறது.