ஈடு கேட்காத கடன்

கூட்டுப் பொறுப்பு என்பது, ஒருவர் வாங்கிய கடனுக்கு அவருடைய குழுவினர் அனைவரும் பிணையாக நிற்கும் ஏற்பாடு. 'ஈடு தேவையில்லை' என்று பெருமையோடு அறிவிக்கும் நுண்கடன் நிறுவனம், நகைக்கும் நிலத்துக்கும் பதிலாக அக்கம்பக்கத்தாரின் முகத்தாட்சண்யத்தை அடமானமாகப் பெற்றுக்கொள்கிறது. தவணைத் தொகை முழுதும் சேரும்வரை குழுவின் கூட்டம் கலையாது என்பதால், பாக்கி வைத்தவளின் வாசலில் வசூல் அலுவலர் நிற்கவேண்டிய அவசியம்கூட இல்லை. அவ்வேலையைச் சம்பளமின்றி குழுவின் மற்ற உறுப்பினர்களே பார்த்துவிடுகின்றனர்.

உறுப்பினர்களின் வருமானம் வெவ்வேறு வழிகளில் வந்தால்தான் ஒருத்தி தவறும்போது மற்றவள் தாங்க முடியும் என்பது கோட்பாடு. சிவகாசி வட்டாரத்திலோ, பட்டாசையே நம்பிய பெண்கள் ஒரே குழுவில் அமர்ந்திருக்க, தீபாவளி முடிந்து வேலை ஓயும்போதும், 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடுகள் விதித்தபின் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தபோதும், எல்லோர் கையும் ஒருசேரக் காலியாகிறது. அத்தீர்ப்பு தடைசெய்தவற்றுள் சரவெடியும் ஒன்று. ஒன்று பற்றினால் வரிசையாக அனைத்தும் வெடிக்கும் குழுக்கடனுக்கு அத்தகைய தடை ஏதுமில்லை.

இம்முறையை உலகறியச் செய்த வங்கதேசத்தின் கிராமீன் வங்கியோ, 2006இல் தன் நிறுவனர் முகமது யூனுஸுடன் நோபல் அமைதிப் பரிசைப் பகிர்ந்துகொள்வதற்குச் சில ஆண்டுகள் முன்பே கூட்டுப் பொறுப்பைக் கைவிட்டிருந்தது.